விதி தெரியாமல் அணி சேர்த்தல்: சென்னையின் எஃப்சி, 2017



மாணவர்களை விளையாட்டு இல்லங்களுக்குப் பிரிக்கும் பணி பல ஆண்டுகளாக என்னைச் சேர்ந்ததே. ஒருமுறை ஆசிரியர்கள் வரிசைமுறைப்படி ஒவ்வொரு பெயராகத் தெரிவு செய்தோம். நல்ல ஓட்டக்காரன் ஒருவன் வேறு பள்ளிக்கு மாறக்கூடும் என்று கேள்விப்பட்டு அவனை விட்டுவிட்டேன். அவன் மாறவில்லை. எதிர் இல்லத்துக்கு ஓடி வென்றான்! அந்தத் தடுமாற்றத்தோடுதான் சென்னைக் காற்பந்து அணியின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

அணிகள் முறைவைத்து ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்வதை 'டிராஃப்ட்' என்பர். அமெரிக்கக் காற்பந்தில் 1936 முதல் உள்ள வழக்கம் இது. அங்கு ஒப்பந்தம் முடிந்தோர் மார்ச் மாதத்தில் விரும்பிய அணியில் சேர்வர். எஞ்சிய குறையை ஏப்ரல் டிராஃப்டில் நிரப்புவர். 2011இல் ஊதிய உடன்பாடு முறிந்து, சூலை வரை ஒப்பந்தங்கள் முடங்கின. யார் கிடைப்பார் என்று அறியாமலே ஏப்ரலில் தெரிவு நடந்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்கள் நால்வர் முதல் 12 இடங்களுக்குள்ளேயே எடுக்கப்பட்டனர்.

இந்தியாவில் குழப்பம் வேறு வகையானது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் ஆண்டிறுதியில் முடிந்துவிடும். பழைய ஐ-லீக் அதன்பின் நடக்கும். ஆகவே ஒருவரே இரண்டிலும் ஆடினார். மிசோரமைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா சென்னைக்கும் ஆடினார், மோகன் பகானுக்கும் ஆடினார். 2017இல் இரண்டும் ஒன்றாகுமா, தனித்தனியே நடக்குமா என்ற வினா எழுந்தது. அது பேசப்பட்ட இடம் நம் கோலாலம்பூர். ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு சூன் 7ஆம் நாள் கூட்டிய கூட்டத்தில் இரண்டையும் ஒரே காலத்தில் நடத்தும் வழி பிறந்தது. இனி ஓர் ஆட்டக்காரர் ஒரே பக்கம்தான் நிற்க முடியும். டிராஃப்டுக்கோ 46 நாள்களே இருந்தன.

பெங்களூரு, ஜாம்செட்பூர் சேர்ந்து அணிகள் பத்தாயின. பழைய அணிகள் மூத்தோரில் இருவரையும் 21 வயதுக்குட்பட்டோரில் மூவரையும் மட்டுமே தக்கவைக்கலாம். களத்தில் அயல்நாட்டார் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்ததால் இந்தியர்களின் மதிப்பும் உயர்ந்தது.

2016இல் எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த சென்னை யாரை வைத்துக்கொண்டது? கோல் அடிக்க ஜேஜே, கோல் காக்கக் கரன்ஜித் சிங். இளையோரில் அனிருத் தாபா, ஜெரி லால்ரின்சுவாலா. எளிதில் கிடைக்காதவர்களைப் பற்றிக்கொண்டு, நடுக்களத்தாரை ஏலச்சீட்டில் பார்த்துக்கொள்வோம் என்று விட்டதாகவே நான் கணிக்கிறேன். சென்னை வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் அப்படி விடப்பட்டவர். சூலை 23இல் மும்பையில் ஜாம்செட்பூர் முதல் ஆளாக அனஸ் எடதொடிகாவை எடுத்தது. கணேஷைச் சென்னையே மீண்டும் எடுத்தது. வேறு அணி முந்தியிருந்தால்? சொந்த ஊர்ப் பிள்ளை தான் எங்கே ஆடுவது என்பதில் ஒரு சொல்லும் சொல்லியிருக்க முடியாது.

2018 மார்ச் 13இல் சென்னையில் நடந்த அரையிறுதியில் கோவாவை 3-0 என வென்றனர். ஜேஜே இரண்டு கோல், கணேஷ் ஒன்று. தக்கவைத்தவரும் மீட்கப்பட்டவரும்! நான்கு நாள் கழித்துப் பெங்களூரை அதன் மண்ணிலேயே 3-2 என வென்று கிண்ணத்தையும் பெற்றனர்.

பினாங்கு அணிக்கு டிராஃப்ட் இருந்ததில்லை. ஆயினும் 2009 முதல் 2011 வரை அயல்நாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்து, 2012இல் நீங்கியதை நாம் கண்டவர்கள். விதி மாறும்போது பயிற்றுநர் கணக்கை மாற்றிக்கொள்வார். இடம்பெயர்வது ஆட்டக்காரரின் குடும்பம்; பிள்ளையைக் காற்பந்துக்கு அனுப்பும் பெற்றோர் இதையும் வினவ வேண்டும் என்பது என் கருத்து.

2017க்குப் பின் அந்த டிராஃப்ட் நடக்கவில்லை. அணிகள் ஆட்டக்காரருடன் நேரடியாக ஒப்பந்தம் செய்தன. அன்று சிறுவனாகத் தக்கவைக்கப்பட்ட தாபா, பின்னர் சென்னைக்குத் தலைவராகி, 2023இல் மோகன் பகானுக்குச் சென்றார்.