மாணவர் அளந்த ஊர்கள்

பொருளியல் பட்டப் படிப்பிலுள்ள மாணவர் பயிற்சியிடம் தேடி அலைவதை ஈப்போவில் ஆண்டுதோறும் காண்கிறோம். வங்கிகளுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கின்றனர். உறவினர் ஒருவர் அங்கே அலுவல் பார்த்தால் மறுமொழி விரைந்து வரும்; பால்வெட்டிப் பிழைத்தவர் பேரனுக்கு அத்தகைய உறவு ஏது? ஆசிரியப் பயிற்சியில் இத்தொல்லை இல்லை. எந்தப் பள்ளியில் பயிற்றுவது என்பதைக் கல்லூரியே முடிவு செய்து அனுப்பிவிடும். பொருளியல் மாணவர்க்கும் இவ்வாறு களங்காட்டிய பேராசிரியர் ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் செய்தி இன்று பலர்க்கும் தெரியாது.

கில்பர்ட் ஸ்லேட்டர் என்பது அவர் பெயர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்து, 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியற் பேராசிரியராக வந்தார். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூற்றைப் பற்றி 1924இல் அவர் வெளியிட்ட நூலைத் தமிழாசிரியர் சிலர் அறிவர். அதனினும் பெரிது அவர் தம் மாணவர்க்குச் செய்தது என்பேன். 1916இல் ஒரு வினாப்பட்டியலை வகுத்து மாணவர் கையில் கொடுத்தார். விடுமுறையில் ஊருக்குச் சென்று விடை திரட்டி வரச் செய்தார். நிலம் யாரிடம் எவ்வளவு, என்ன விளைகிறது, கூலி நெல்லா காசா, கடன் யாருக்கு, வட்டி என்ன என்றெல்லாம் மாணவர் கேட்டு எழுதினர். பரிந்துரைக் கடிதம் வேண்டாத பயிற்சி அது! தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் இவ்வாறு 1918இல் நூலேறின.

குறையும் உண்டு. அந்நாளில் கல்லூரி வரை சென்றோருள் பெரும்பாலோர் நிலமுடைய மேற்குடியினர். திண்ணையிலிருந்து நோக்குவார்க்குச் சேரி முழுதும் தெரியாது. ஆயினும் கடன்பட்டு நிலக்கிழாரிடம் கட்டுண்டு உழைத்த படியாட்களின் நிலை அந்நூலில் பதிவாகியுள்ளது. அதை எழுதாமல் விட்டிருந்தால் கேட்பார் யார்?

அப்படியாட்களின் உறவினர் பலர் நம் பாட்டன்மார். 1877இல் கோலகங்சாரில் கித்தாக் கன்று நடப்பட்டது. அம்மரம் காடுகாடாகப் பெருகியபின் தஞ்சை, ஆர்க்காடு, இராமநாதபுரம் முதலிய மாவட்டத்தார் கங்காணிமாரோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். ஸ்லேட்டரின் மாணவர் ஊரில் எஞ்சியோரை எண்ணியபோது, போனவர் பேராக் தோட்டங்களில் பெரட்டுக்கு நின்றனர். பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1937ஐ ஒட்டி அதே ஊர்களை மறுபடியும் அளந்தனர். மலாயாத் தோட்டத் தொழிலாளர் நிலைபற்றிச் சீனிவாச சாஸ்திரியார் அறிக்கை தந்ததும் அவ்வாண்டே. மறு ஆண்டில் தொழிலாளரை உதவி தந்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்றனர். இருவேல்பட்டின் கணக்கு 2008 வரை நீள்கிறது. விடுமுறையில் எழுதிய ஏடு தொண்ணூறு ஆண்டு மாற்றத்துக்கு அளவுகோலாயிற்று.

இந்நாட்டிலும் இம்மரபு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்து உங்கு அசீஸ், வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் என்று எண்ணி வறுமையை அளந்தவர். (கேட்டுச் சிரிப்பவர், மாற்றுத்துணி இல்லாத வீட்டைக் கண்டிரார்.) 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை அளித்தவரும் அவரே. தோட்டம் கைமாறிச் சிதைந்ததால் வேலையும் வீடும் இழந்த நம்மவர்க்கு அவ்வறிக்கை எவ்வளவு உரியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இன்று கித்தா நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் பல இடிந்தன, தாமான்கள் எழுந்தன. பயிற்சிக்கு அலையும் மாணவர் தம் துறைத்தலைவரிடம் இதையே களமாக ஏற்குமாறு கேட்கலாம். தோட்டம் விட்ட குடும்பங்கள் எங்குக் குடியேறின, வீட்டுக்கடன் எவ்வளவு, எத்தனை பேர் ஈப்போத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர் என்பன வங்கிக் கோப்புகளில் முழுதும் அகப்படா. தோட்டப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் என்றொரு கட்டம் உண்டு. கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, பெயர்களை மறைத்து, அக்கட்டத்தை ஆண்டுவாரியாக எண்ணத் தொடங்கினால் முதல் மாதத்துக்கு வேலை போதும்.