மெத்தை மீது விழுந்த பழி

1994 நவம்பரில் பிரிட்டனில் ஒளிபரப்பான ‘குக் ரிப்போர்ட்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, கைக்குழந்தை இருந்த வீடுகளின் தூக்கத்தைக் கெடுத்தது. தொட்டில் மெத்தையிலிருந்து நச்சு வாயு கிளம்பிக் குழந்தைகளைக் கொல்கிறது என்றது அது. பெற்றோர் பதறிப்போய் மெத்தைகளைத் தூக்கி எறிந்தார்கள். எதை வாங்கச் சொல்வது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

பாரி ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர் 1989 முதலே இதைச் சொல்லிவந்தார். பிவிசி உறை போட்ட மெத்தைகளில், எளிதில் தீப்பற்றாமலிருக்க ஆன்டிமனி சேர்ப்பார்கள். பாஸ்பரஸும் ஆர்சனிக்கும் இருப்பதுண்டு. வியர்வையும் சிறுநீரும் ஊறிய வெதுவெதுப்பில் ஒரு பூஞ்சை வளர்ந்து இவற்றை வாயுவாக மாற்றுகிறது என்பது அவருடைய வாதம்.

மக்கள் நம்பியதில் வியப்பில்லை. இரவு பாலுண்டு தூங்கிய பிள்ளை காலையில் எழுவதில்லை. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரிவதில்லை. 1969-இல் சியாட்டிலில் கூடிய மருத்துவர்கள் இதற்கு ‘திடீர் சிசு மரண நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் கிடைத்ததே தவிர விளக்கம் கிடைக்கவில்லை.

உண்மையில் பாதி விடை அப்போதே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் அமெரிக்க வீடுகளில் வேதமாக இருந்த காலம் அது. பிள்ளையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது, மல்லாந்து கிடந்தால் வாந்தி புரையேறிவிடும் என்று 1950களின் பிற்பகுதியிலிருந்து அது சொல்லிவந்தது. மருத்துவமனைகளும் அதையே சொல்லின. ஆனால், பிள்ளைகளை மல்லாத்தியே தூங்கவைக்கும் ஹாங்காங்கில் இந்தச் சாவு அரிது என்று 1985-இல் ‘லான்செட்’ இதழில் டேவிஸ் என்ற மருத்துவர் எழுதினார். 1987-இல் தொடங்கிய நியூசிலாந்து ஆய்வும் குப்புறக் கிடத்துவதையே சுட்டியது.

1991-இல் பிரிட்டன் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆன் டயமண்ட் தம் கைக்குழந்தை செபாஸ்டியனை இந்தத் திடீர் மரணத்துக்குத்தான் பறிகொடுத்தார். நியூசிலாந்துக்குப் போய் விவரம் திரட்டிவந்து, அரசை விடாமல் நெருக்கினார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே மல்லாத்திப் படுக்கவைக்கச் சொல்லும் பிரசாரம் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளில் சாவுகள் பாதிக்கும் கீழே போயின. மெத்தைகள் என்னவோ அதே மெத்தைகள்தான்!

நச்சு வாயுப் புகாரை விசாரிக்க லிமரிக் சீமாட்டி தலைமையில் அமைந்த குழு, அதற்கு ஆதாரம் இல்லையென்று 1998-இல் தள்ளுபடி செய்தது. 2005-இல் வந்த ஓர் ஆய்வுதான் நெஞ்சை அறுப்பது. 1970 வாக்கிலேயே கிடைத்த சான்றுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்றது அது.

அதற்காக மெத்தை முழு நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. வேறொரு வீட்டில் பயன்படுத்திய பழைய மெத்தைக்கும் இந்தச் சாவுக்கும் தொடர்பு தெரிகிறது என்று 2002-இல் ஸ்காட்லாந்து ஆய்வொன்று கூறியது, காரணம் நிரூபணமாகவில்லை. மென்மைதான் பெரிய வில்லன். முகம் புதையும் மெத்தையில் பிள்ளை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. மெத்தை 6 அங்குலத்துக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. மெத்தைக்கும் தொட்டில் சட்டகத்துக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் அது தொட்டிலுக்குப் பொருந்தாத மெத்தை. தலையணையே கூடாது. தலை உருண்டையாக வர வேண்டுமென்று நம் வீடுகளில் வைக்கும் கடுகுத் தலையணைக்கும் இதில் விலக்கு இல்லை.

மெத்தை போதிய அளவு கெட்டிதானா என்று பார்க்க ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுச் சோதனை உண்டு. பரணில் கிடக்கும் பழைய சிடிகளில் 12 எடுத்து மெத்தைமேல் அடுக்குங்கள். ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டிகள் இரண்டை, பிரிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அதன்மேல் படுக்கவையுங்கள். அடிப்பெட்டியின் விளிம்பு சிடி அடுக்கைத் தாண்டி 4 சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த விளிம்பு மெத்தையைத் தொட்டால், பிள்ளைக்கு அந்த மெத்தை வேண்டாம்.