நாளுக்குப் பத்தாயிரம் காலடி

நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்பது, உடல்நலம் பேண விரும்பும் ஒருவர் நாள்தோறும் நடக்க வேண்டிய அளவாகப் பரவலாகச் சொல்லப்படும் இலக்கு ஆகும். கையில் அணியும் கருவிகள் பலவற்றிலும் கைப்பேசிச் செயலிகளிலும் இவ்வெண்ணே முன்கூட்டியே அமைக்கப்பட்ட இலக்காக இடம்பெற்று வந்துள்ளது. எனினும் இது மருத்துவ ஆய்வு ஒன்றின் முடிவாகப் பிறந்த எண் அன்று. 1965 ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரிலிருந்து இது பரவியது. பிற்கால ஆய்வுகள் நடையின் பயனை உறுதி செய்தன. அதேவேளை, அப்பயனின் பெரும்பகுதி பத்தாயிரத்தை எட்டுவதற்கு முன்னரே கிடைத்துவிடுகிறது என்பதையும் அவை காட்டின.

இங்கு காலடி என்பது கால் ஒருமுறை தரையில் பதிவதைக் குறிக்கும். இடக்கால் ஒன்று, வலக்கால் ஒன்று என இரண்டாக எண்ணப்படும். 12 அங்குலம் கொண்ட நீள அளவான அடியுடன் இதனைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. ஒருவரின் காலடி நீளம் அவரது உயரத்தைப் பொறுத்தது. சராசரி உயரமுடைய பெரியவர் ஒருவருக்குப் பத்தாயிரம் காலடி ஏறத்தாழ 6.5 முதல் 8 கிலோமீட்டர் வரை வரும். இடைவிடாது நடந்தால் ஒன்றரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

எண்ணின் தோற்றம்

1964 அக்டோபரில் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அதனையொட்டி ஜப்பானியரிடையே உடற்பயிற்சி பற்றிய ஆர்வம் பெருகியது. மறுபுறம், தொழில் வளர்ச்சியால் மக்கள் நடப்பது குறைந்து வருகிறது என்ற கவலையும் மருத்துவர்களிடம் இருந்தது. இச்சூழலில் யமாசா என்னும் நிறுவனம் 1965 இல் இடுப்பில் செருகிக்கொள்ளும் நடைமானி ஒன்றை வெளியிட்டது. அதன் பெயர் 'மான்போ-கேய்'. ஜப்பானிய மொழியில் 'மான்' என்றால் பத்தாயிரம், 'போ' என்றால் காலடி, 'கேய்' என்றால் அளவி. ஆக, பத்தாயிரம் காலடி அளவி என்பதே கருவியின் பெயர்.

நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடப்பதைப் பரப்பியவர்களுள் யோஷிரோ ஹதானோ என்னும் ஆய்வாளர் குறிப்பிடத்தக்கவர். அக்கால ஜப்பானியர் ஒருவர் இயல்பாக நடந்த அளவை இரு மடங்கு அல்லது அதற்கு மேல் உயர்த்தினால் கூடுதலாக எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்ற கணக்கு அவருடையது. ஆகவே இவ்வெண் வெறும் கற்பனை என்று தள்ளிவிடத் தக்கதன்று. ஆனால் இவ்வளவு நடந்தவர் நோயின்றி வாழ்ந்தார், இதற்குக் குறைவாக நடந்தவர் வாழவில்லை என்று எவரும் அளந்து பார்த்து நிறுவிய எல்லையும் அன்று. நினைவில் நிற்கும் முழு எண் என்பதே இதன் வெற்றிக்குப் பெரிய காரணம் எனலாம். நடைச் சங்கங்கள் இதனை ஏற்றன. 2001 இல் ஆஸ்திரேலியாவின் ராக்காம்ப்டன் நகரில் தொடங்கிய மக்கள் நலத் திட்டம் ஒன்று இவ்வெண்ணையே தன் பெயராகவும் கொண்டது.

ஓட்டுநரும் நடத்துநரும்

உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர் பிரித்தானிய மருத்துவர் ஜெரி மாரிஸ் (1910–2009). இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாரடைப்பு ஏன் பெருகுகிறது என்பது பெரும் புதிராக இருந்தது. அவர் தேர்ந்துகொண்ட ஆய்வுக்களம் லண்டன் நகரப் பேருந்து. அங்கு ஈரடுக்குப் பேருந்துகளே மிகுதி. ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒரே பணிநேரத்தில் இருவர் வேலை செய்தனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மேலும் கீழுமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்.

ஏறத்தாழ 31,000 போக்குவரத்துப் பணியாளரின் நோய்ப் பதிவுகளை மாரிஸ் குழுவினர் ஒப்பிட்டு, 1953 இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர். நடத்துநர்களிடையே இதய நோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் அது பிந்திய வயதில், கடுமை குறைந்து வந்தது. அஞ்சல் துறையிலும் இதே போக்குத் தென்பட்டது. கடிதங்களைச் சுமந்து வீடுவீடாகச் சென்ற அஞ்சற்காரர்கள், நாற்காலியில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும் விட நலமாக இருந்தனர்.

இவ்வாய்வின் சிறப்பு அதன் முடிவில் மட்டும் இல்லை. அதனை ஆய்வாளரே ஐயுற்றதிலும் உள்ளது. ஓட்டுநர் வேலைக்கு வருபவர் முதலிலேயே பருமனானவராக இருந்தால் என்ன செய்வது? மாரிஸ் குழுவினர் பணியாளருக்குத் தைத்துக் கொடுக்கப்பட்ட சீருடைகளின் அளவுப் பதிவேட்டைத் தேடி எடுத்தனர். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடப் பெரியதாகவே இருந்தது. பணியில் சேர்ந்த இளவயதிலும் அவ்வேறுபாடு காணப்பட்டது. இதனை அவர்கள் 1956 இல் தாமே வெளியிட்டனர். வேறுபாடு முழுவதும் படிக்கட்டால் வந்ததன்று என்பது இதனால் தெளிவாயிற்று. நடை பற்றிய இன்றைய ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்த இடுப்பளவை மறவாதிருத்தல் நல்லது. மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

எவ்வளவு நடந்தால் போதும்

பத்தாயிரம் என்னும் எண்ணை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் பெரிதும் பேசப்பட்டது, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் 2019 இல் வெளியிட்டதாகும். சராசரி வயது 72 ஆன 16,741 அமெரிக்கப் பெண்கள், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரு வாரம் அளவுக் கருவியை அணிந்தனர். பின்னர் சராசரியாக 4.3 ஆண்டுகள் அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அக்காலத்தில் 504 பேர் இறந்தனர். நாளுக்கு ஏறத்தாழ 2,700 காலடி நடந்த குழுவோடு ஒப்பிட, 4,400 அளவில் நடந்த குழுவில் இறப்பு இடர் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. எண்ணிக்கை கூடக்கூட இடர் மேலும் குறைந்தது. ஆனால் 7,500 ஐ ஒட்டிக் குறைவது நின்று, கோடு தட்டையாயிற்று.

இரு குழுக்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 1,700 காலடி மட்டுமே. அதாவது ஏறத்தாழ கால் மணி நேர நடை. பத்தாயிரம் எட்டாது என்று எண்ணி நடையையே கைவிடும் முதியவர் இழப்பது இந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

2022 இல் 15 ஆய்வுகளின் 47,471 பேரைப் பற்றிய தரவுகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. இதன்படி, இறப்பு இடர் குறைவது 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் 6,000–8,000 காலடிகளிலும், இளையோரிடம் 8,000–10,000 காலடிகளிலும் நிலைபெறுகிறது. ஆகவே இளையோரைப் பொறுத்தவரை மான்போ-கேய் அவ்வளவு தவறவில்லை. 2025 இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு 57 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. நாளுக்கு 2,000 காலடி நடப்பவரைவிட 7,000 நடப்பவரிடம் இறப்பு இடர் 47 விழுக்காடும், மறதி நோய் இடர் 38 விழுக்காடும் குறைவு என்று அது கணித்தது.

இவை யாவும் கவனித்துப் பதிந்த ஆய்வுகளே. முன்னரே நோயுற்றவர் குறைவாக நடப்பார். விரைவில் இறக்கவும் கூடும். இதனால் நடையின் பயன் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றலாம். ஆய்வாளர் இதனைச் சரிக்கட்ட, தொடக்க ஆண்டுகளில் நேர்ந்த இறப்புகளை நீக்கிக் கணக்கிடுவதுண்டு. எனினும் ஐயம் முழுதும் நீங்குவதில்லை.

உலக நலவாழ்வு அமைப்பின் 2020 ஆம் ஆண்டு வழிகாட்டுதல் காலடிக் கணக்கு எதனையும் கூறவில்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் என்பதே அதன் பரிந்துரை. நிமிடத்திற்கு 100 காலடி என்னும் வேகம் பெரியவர் பலருக்கு மிதமான இயக்கமாக அமையும். பேச முடியும், பாட முடியாது என்னும் அளவில் மூச்சு வாங்கினால் அதுவே அவ்வேகம். 2010 இல் வெளிவந்த முந்தைய வழிகாட்டுதலில், ஒருமுறை நடந்தால் குறைந்தது 10 நிமிடம் தொடர வேண்டும் என்ற விதி இருந்தது. 2020 இல் அது நீக்கப்பட்டது. பேருந்து நிறுத்தம் வரை நடப்பதும், மின்தூக்கியை விடுத்துப் படியேறுவதும் கணக்கில் சேரும் என்பதே இதன் பொருள்.

உடலில் நிகழ்வது

கால் தசைகள் சுருங்கும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்கின்றன. இதில் ஒரு பகுதி இன்சுலினின் துணையின்றியே நடைபெறுவது குறிப்பிடத்தக்கது. இன்சுலினுக்கு உடல் சரிவர இசையாத நிலையிலும் நடை சர்க்கரையைக் குறைப்பது இதனால்தான். 2013 இல் வெளியான ஆய்வொன்றில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள முதியோர் மூவேளை உணவுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தனர். இரவு உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த, பகலில் ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பதைவிட இது மேலாக இருந்தது. கலந்துகொண்டோர் பத்துப் பேர் மட்டுமே என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023 இல் மதிப்பிடப்பட்ட நிலையில், உண்டபின் உலாவும் எளிய வழக்கம் கவனிக்கத் தக்கது.

உடல் எடையைக் குறைக்க நடை மட்டும் போதாது. பத்தாயிரம் காலடிக்குச் செலவாகும் ஆற்றலைச் சில வடைகளும் ஒரு குவளைச் சர்க்கரைக் காப்பியும் எளிதில் ஈடுசெய்துவிடும்.

சிந்தனையும் நினைவாற்றலும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மேரிலி ஒப்பெசோ, டேனியல் சுவார்ட்சு ஆகியோர் 2014 இல் நடைக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பைச் சோதித்தனர். ஒரு பொருளுக்குப் புதிய பயன்களைக் கண்டறிதல் போன்ற பணிகளில், அமர்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடக்கும்போது தோன்றிய புதிய எண்ணங்கள் சராசரியாக 60 விழுக்காடு மிகுந்தன. வெற்றுச் சுவரை நோக்கி நடைப்பொறியில் நடந்தவர்களிடமும் இவ்விளைவு காணப்பட்டது. ஆதலின் இயற்கைக் காட்சி இதற்குக் காரணமன்று. ஆனால் ஒரே சரியான விடையைக் காண வேண்டிய புதிர்களில் நடந்தவர்கள் சற்றுப் பின்தங்கினர். கட்டுரைக்குக் கருத்துத் தேடும் மாணவர் உலாவலாம். கணக்கைச் சரிபார்ப்பவர் உட்காருவதே நன்று.

2011 இல் வெளிவந்த ஆய்வொன்றில் 120 முதியோர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டுக்குப் பின், வாரம் மும்முறை நடந்த குழுவினரின் மூளையில் நினைவாற்றலுக்குரிய பகுதியான இப்போகேம்பசு 2 விழுக்காடு பெரிதாகியிருந்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்த குழுவில் அது சுருங்கியிருந்தது. இது குலுக்கல் முறையில் குழு பிரித்துச் செய்த சோதனை ஆதலால், மேற்கூறிய இடுப்பளவுச் சிக்கல் இதற்கு இல்லை.

எண்ணும் கருவி

பழைய நடைமானிகளில் சுருள்வில்லில் தொங்கும் சிறு நெம்புகோல் இருந்தது. இடுப்பு ஏறி இறங்கும்போது அது அசைந்து எண்ணியை ஒன்று கூட்டியது. இன்றைய கைப்பேசிகளில் மூன்று திசைகளிலும் முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி உள்ளது. நடக்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ இருமுறை வரும் சீரான ஏற்ற இறக்கத்தை மென்பொருள் இனங்காண்கிறது. சீர் உறுதிப்படும் வரை முதற் சில காலடிகளைப் பல கருவிகள் எண்ணுவதில்லை. வீட்டிற்குள் நாலைந்து எட்டு வைத்து நிற்பவரின் கணக்குக் குறைவது இதனால்தான். மிக மெதுவாக நடக்கும் முதியவரின் காலடிகளும் தவறவிடப்படுகின்றன. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் கை அசையாததால் மணிக்கட்டுக் கருவி குறைத்து எண்ணும். மாறாக, அமர்ந்தபடி கையை ஆட்டிப் பேசுபவருக்குச் சில காலடிகள் இலவசமாகக் கிடைப்பதுண்டு. மேசை மேல் வைத்த கைப்பேசி எதையும் எண்ணாது. ஒரே கருவியில் வாரத்திற்கு வாரம் ஒப்பிடுவது பயன்படும். இருவர் வெவ்வேறு கருவிகளை வைத்துப் போட்டியிடுவதில் பொருளில்லை.

தொடங்குவோர் முதல் ஒரு வாரம் வழக்கம்போல் இருந்து தமது இயல்பான அளவை அறிந்துகொள்ளலாம். அதனோடு 1,000 அல்லது 2,000 காலடிகளைச் சேர்த்து அதனைப் பழக்கமாக்குவது, 3,000 இலிருந்து ஒரே நாளில் பத்தாயிரத்திற்குத் தாவுவதைவிட நிலைத்து நிற்க வாய்ப்புடையது.

தமிழ்நாட்டில்

2023 நவம்பர் 4 அன்று தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்றை அமைப்பது இதன் நோக்கம். டோக்கியோவில் உள்ள 8 கிலோமீட்டர் நடைபாதை இதற்கு முன்மாதிரி. எட்டுக் கிலோமீட்டர் என்பது பத்தாயிரம் காலடியின் தொலைவே. மான்போ-கேயின் எண் இவ்வாறு ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டுச் சாலைகளில் பலகையாக நடப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ, வழக்கத்திற்கு மாறான மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் விட்டுவிடும் வலி, காலின் தமனிகள் குறுகியதன் அறிகுறியாக இருக்கலாம். இன்சுலின் இட்டுக்கொள்வோர் உணவின்றி நெடுந்தொலைவு நடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறிது இனிப்பை உடன் கொண்டு செல்வது வழக்கம்.

நெடுநாள் சர்க்கரை நோயாளர் பலருக்குப் பாதத்தில் உணர்வு குன்றியிருக்கும். முள் தைத்தாலும் செருப்பு வார் உராய்ந்து கொப்புளித்தாலும் அவர்கள் அறிவதில்லை. ஆறாப் புண்ணாகி விரலை நீக்கும் நிலை வரை இது சென்றுவிடக்கூடும். ஆதலால் அவர்கள் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. பாதத்தை மூடும், இறுக்காத காலணியை அணிய வேண்டும். நடந்து திரும்பியதும் விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.