காரைக்குடி பழம்பொருள் தெரு: வாங்கியதை வெளிநாட்டுக்குக் கொண்டு போகலாமா?

மதுரையிலோ திருச்சியிலோ இறங்கி, சுமார் 2 மணி நேரம் காரில் செட்டிநாடு வரும் வெளிநாட்டுப் பயணிகள், கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிவிட்டுக் கடைசியில் நிற்பது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். கலர் கலரான எனாமல் டிபன் கேரியர், பர்மா தேக்குத் தூண், சாமி படம்... இடிக்கப்பட்ட நகரத்தார் வீடுகளின் கதவுகளும் உண்டு.

வாங்குறதுல தப்பில்லை. சிக்கல் ஏர்போர்ட்டில்தான். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகள் கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. சுவடிகளுக்கு 75 ஆண்டுகள்தான் கணக்கு. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

வயதில் சந்தேகம் இருந்தால், 'இது தொல்பொருள் அல்ல' என இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கணும். கடை பில் மட்டும் போதாது. புதிதாக வார்த்த ஆத்தங்குடி கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதுக்கு எடைதான் பிரச்சினை.