நகராத பட்டை: உபுண்டு லாஞ்சரை முன்வைத்துச் சில குறிப்புகள்

'வசதி' என்ற சொல்லில் அரசியல் இல்லை என்று நம்பப் பழகியிருக்கிறோம். யாருடைய வசதி, யார் தீர்மானித்தது என்று கேட்டால், 'அட, இதுலயுமா அதிகாரத்தைத் தேடுறீங்க?' என்ற கேலிதான் பதிலாக வரும். கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் நிற்கும் ஒரு பட்டையைப் பற்றிய தகராறை அந்தக் கேலியை எதிர்பார்த்தே இங்கு எழுதுகிறேன்.

செயலிகளின் சின்னங்களை வரிசையாக நிறுத்திவைக்கும் பட்டை புதிதல்ல. 1987இல் பிரிட்டனின் ஏகார்ன் கம்ப்யூட்டரில் அது திரையின் அடியில் இருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் தன் 'டாக்'கை வலது ஓரத்தில் வைத்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95 டாஸ்க்பாரை அடியில் வைத்தாலும், பிடித்து இழுத்தால் அது நான்கு ஓரங்களுக்கும் போனது. 2001இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸின் டாக்கை, முன்பு ஆப்பிளிலேயே பணியாற்றிய புரூஸ் டோக்னாஸினி கடுமையாக விமர்சித்தார். பெயரின்றி நிற்கும் சின்னங்கள், புதிதாக ஒன்று சேர்ந்தால் இடம் பெயர்ந்துவிடும் சின்னங்கள் என்று அவர் குறைகளை அடுக்கினார். அபிப்பிராய பேதம், ஆக, பட்டையோடு கூடவே பிறந்ததுதான்.

உபுண்டுவின் கதை இதிலிருந்து வேறுபடுவது ஓர் இடத்தில். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அது 2004இல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் கனோனிக்கல் நிறுவனம் அதன் பின்னால் இருந்தது. 'உபுண்டு' என்பது பிறரோடு சேர்ந்தே மனிதன் மனிதனாகிறான் என்ற கருத்தைச் சுமக்கும் ஆப்பிரிக்கச் சொல். தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் வருஷத்து இடைக்கால அரசியல் சாசனத்திலேயே இடம்பெற்ற சொல். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும், எவரும் எடுத்துத் திருத்தலாம் என்ற வாக்குறுதியோடு அந்தப் பெயரும் சேர்ந்து ஒரு சமூகத்தைக் கூட்டியது.

2010இல் 10.04 பதிப்பு தயாரானபோது ஜன்னல்களின் மூடும் பொத்தான்கள் வலதுபுறத்திலிருந்து இடதுபுறத்துக்கு மாறின. பயன்படுத்துவோர் எதிர்த்தார்கள். இது ஜனநாயகமல்ல, நல்ல தரவு இருந்தால் கொண்டுவாருங்கள், வடிவமைப்புக்கு ஓட்டெடுப்பு நடத்த முடியாது என்ற பொருளில் ஷட்டில்வொர்த் பதில் சொன்னார். 2011 ஏப்ரலில் 11.04 பதிப்பில் 'யூனிட்டி' என்ற புது முகப்பு எல்லோருக்குமான முகப்பாயிற்று. அதன் லாஞ்சர் இடது ஓரத்தில் அறையப்பட்டிருந்தது. நகர்த்த வழி வேண்டும் என்ற கோரிக்கை முன்பே பதிவாகியிருந்தது. லாஞ்சர் எப்போதும் உபுண்டு பொத்தானுக்கு அருகில் இருக்க வேண்டும், ஆகவே செய்யப்போவதில்லை என்று அவர் அதை மறுத்துவிட்டார்.

வடிவமைப்பாளர் தரப்பை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. திரைகள் அகலமாகி, உயரம் குறைந்துகொண்டிருந்த காலம் அது. யூனிட்டி முதலில் நெட்புக் என்ற சின்ன மடிக்கணினிகளுக்காகச் செய்யப்பட்டது. 600 புள்ளி உயரமுள்ள திரையில் அடியில் ஒரு பட்டை வைத்தால் படிக்கிற பக்கம்தான் சுருங்கும். தேர்வுகள் கூடக்கூடச் சோதிக்க வேண்டிய நிலைகளும் கூடும் என்பதும் உண்மை. எதிர்த்தரப்பும் ஒரே குரலில் பேசவில்லை. பல வருஷம் அடியில் தேடிப் பழகியவர்கள், இரண்டு திரை வைத்து வேலை செய்தவர்கள், 'எனக்குப் பட்டையே வேணாம், கீபோர்டு போதும்' என்றவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். இவர்களில் எவர் சரி என்று தீர்ப்பு சொல்வது என் நோக்கமல்ல. சொல்லப்பட்ட காரணம் பின்னால் என்னவாயிற்று என்பதே என் அக்கறை.

2011 அக்டோபரில் 11.10 பதிப்பு வந்தது. மேல்பட்டையிலிருந்த உபுண்டு பொத்தான் லாஞ்சருக்குள்ளேயே குடிபுகுந்தது. இனி லாஞ்சர் எங்கே போனாலும் பொத்தானும் கூடவே போகும். அருகிலிருக்க வேண்டும் என்ற காரணம் அன்றைக்கே காலாவதியாகிவிட்டது. ஆனால் மறுப்பு மட்டும் நின்றது. காரணம் செத்த பிறகும் விதி உயிரோடிருக்கும்போதுதான் அதிகாரம் தன் சொந்த முகத்தில் தெரிகிறது.

2012 அக்டோபரில் 12.10 பதிப்பில் இன்னொன்று நடந்தது. அந்தப் பொத்தானை அழுத்தினால் திறக்கும் தேடல் பெட்டியில் நம் கோப்பொன்றைத் தேடினாலும், தேடிய சொல் கனோனிக்கலின் சர்வருக்குப் போய், அமேசானின் விற்பனைப் பொருட்களும் கூடவே வந்து நின்றன. லாஞ்சரிலேயே அமேசானின் சின்னம் ஒன்றும் இருந்தது. வேண்டாமென்றால் நீக்கலாம், அணைத்துவைக்கலாம் என்பது மெய்தான். ஆனால் கேட்காமல் வந்தது அது. ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். வடிவமைப்புக்கு ஓட்டெடுப்பு கிடையாது என்ற இடத்தில் வியாபாரத்துக்கு மட்டும் வாசல் இருந்தது.

2016 ஏப்ரலில், 16.04 பதிப்பில், லாஞ்சரை அடிக்குக் கொண்டுபோகும் வழி வந்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் 'உபுண்டு கைலின்' குழுவினர். அது சீன அரசு அமைப்புகளோடும் தேசியப் பாதுகாப்புத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடும் கனோனிக்கல் 2013இல் அறிவித்த கூட்டு முயற்சி. ஆயிரம் தனிக்குரல்களால் நகராத பட்டை, அரசின் பின்பலம் உள்ள ஒரு பங்காளி தொட்டதும் நகர்ந்தது. ஓராண்டுக்குள், 2017 ஏப்ரலில், யூனிட்டியே கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் வந்த 17.10இல் வேறு முகப்பு. அதன் டாக் இடதுபுறமே நின்றது, ஆனால் அமைப்புகளுக்குள் போய் எவரும் இடம் மாற்றலாம்.

'புடிக்கலேன்னா மூலநிரல்தான் திறந்திருக்கே, நீயே மாத்திக்கோ' என்பது இந்த வட்டாரத்தின் நிரந்தரப் பதில். சிலர் மாற்றவும் செய்தார்கள். ஆனால் அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும், ஒவ்வொரு பதிப்புக்கும் பின்னாலேயே ஓடவும் வேண்டும். திருத்தும் சுதந்திரமும் தீர்மானத்தில் பங்கும் ஒன்றல்ல. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் கொடுத்ததாகக் கணக்கெழுதுவதே 'திறந்த' என்ற சொல்லின் மோசடி.

எல்லாரும் வரலாம், எல்லாரும் பேசலாம் என்று சொல்லும் அமைப்புகளை நாம் வேறிடங்களிலும் அறிவோம். அங்கெல்லாம் முதலில் கேட்க வேண்டியது, பேச்சு எந்த மேசையில் தீர்மானமாகிறது, அந்த மேசைக்கு யாரை அழைக்கிறார்கள் என்பதுதான்.