கரியும் கைவினையும்: சண்டிலிப்பாய்ப் பகுதி இயந்திரப் பராமரிப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அரசர்தம் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் எழுதிவைத்த நாம், மக்கள் தம் உழைப்புக் கருவிகளை எவ்வாறு பேணினர் என்பதை எழுதியமை குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாயூடாகக் காரைநகர் செல்லும் வீதியில் அமைந்த சண்டிலிப்பாயையும் அதனைச் சூழ்ந்த வலிகாமத்தையும் இந்நோக்கில் ஆராயுமிடத்து, இயந்திரத்திற் படிந்த கரியே ஒரு வரலாற்றுச் சான்றாதல் புலனாகும்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதையடுத்துக் குடாநாட்டிற்குப் பெற்றோலும் டீசலும் செல்வது தடைப்பட்டது. மட்டுப்பட்ட அளவிற் கிடைத்த மண்ணெண்ணெயே விளக்கிற்கும் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் வாகனத்திற்கும் பொதுவாயிற்று. காபரேற்றருள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் இதற்கு இசைந்தன. அவற்றின் அமுக்க விகிதம் குறைவாதலின், ஒக்ரேன் எண் தாழ்ந்த எரிபொருளை அவை ஓரளவு பொறுத்தன.

எனினும், எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெய் முற்றாக எரியாது கரியை விட்டுச் சென்றது. பிளக்கைத் துடைத்தலும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டலும் தவிர்க்கவியலாத பணிகளாயின. உதிரிப்பாகங்கள் அரிதாகிய அக்காலத்தில் பழையதைத் துப்புரவு செய்தலே வழி. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாம மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அக்கைவினையும் அவர்களோடு சென்றது.

2009 இல் போர் முடிந்தபின் ஏ-9 வீதியூடாக வந்த புதிய வாகனங்கள் பலவற்றில் 'ஈ.ஜி.ஆர்.' வால்வு உண்டு. 1970 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தைத் தொடர்ந்து பரவிய கருவி இது. வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தி எரிதலின் வெப்பத்தைத் தணிப்பதனால், நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாதல் குறைகின்றது. அப்புகையிலுள்ள கரி வால்விலே படிகின்றது. அது திறந்தபடி இறுகினால் இயந்திரம் தடுமாறும். மூடியபடி இறுகினால் நச்சுவாயு மிகும். இயந்திரம் ஆறியபின் வால்வைக் கழற்றி, கரிநீக்கும் திரவமும் மென்தூரிகையும் கொண்டு துலக்கி, புதிய கஸ்கற் இட்டுப் பூட்டுதல் முறை. உள்ளிருக்கும் மின்மோட்டாரோ உணரியோ பழுதாயின் மாற்றுதலே தகும்.

சிலர் அவ்வால்வை நிரந்தரமாக அடைத்துவிடுவர். தொல்லை தீர்ந்ததாக அவர்கள் கருதினும், அந்நச்சு அயலவர் மூச்சிற் சேர்கின்றது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பின்னர் நாணய மதிப்பும் வீழ்ந்தபோது, துப்புரவு செய்யும் கைவினை மீண்டும் இன்றியமையாததாயிற்று என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பற்றாக்குறை கற்பித்த அறிவு, அதனைக் கற்றவர்தம் முதுமையோடு மறைந்துவருகின்றது. அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்தம் கடனாகும். கல்வெட்டைப் படியெடுக்கும் நாம், கரிபடிந்த கைகளின் வரலாற்றையும் படியெடுத்தல் வேண்டும்.