அணையாடை: ஜவ்வாது மலைப் பிரதேசத்தில் அதன் தேர்வும் பராமரிப்பும்

பிறந்த சிசுவின் அரையிற் கட்டியும் அடியில் விரித்தும் மலசலத்தை ஏற்பதற்குப் பயன்படுத்தும் துணி அணையாடை எனப்படும். வீட்டில் இதனைப் பீத்துணி, மூத்திரத்துணி என்பர். கடையில் நாப்கின் என்று கேட்டு வாங்குவர். துணியின் மென்மையையும் அது எவ்வளவு ஈரத்தை ஏற்கும் என்பதையும் முதலிற் பார்ப்பது உலக வழக்கமாயினும், ஜவ்வாது மலை போன்ற மேட்டு நிலத்தில், தண்ணீரைக் குடத்திற் சுமந்து வந்து, வெயிலை எதிர்பார்த்துத் துவைக்கும் ஒரு குடும்பத்திற்கு, அவ்விரண்டினும் முக்கியமாக எண்ணத்தக்கது, அத்துணி எவ்வளவு நீரில் அழுக்கு நீங்கும், எவ்வளவு நேரத்தில் உலரும் என்பதே ஆகும்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கமாய்த் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் இம்மலையில், ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், கேரளத்தாரினின்று வேறானவரும் தமிழையே தாய்மொழியாக உடையவருமாகிய மலையாளி என்னும் பழங்குடியினர், சாமை முதலிய புன்செய்ப் பயிர்களை விளைத்தும், புளி, கடுக்காய், தேன் முதலிய வனப்பொருள்களைச் சேகரித்தும் வாழ்ந்து வருகின்றனர். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டுமே இங்கு மழை தருவன; ஆதலின் ஆண்டில் பல மாதங்கள் வானம் மூடியிருப்பதும், மார்கழி தை மாதங்களில் இரவுக் குளிர் கடுமையாக இருப்பதும் இயல்பு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரில், 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கியை நிறுவிய வானநூலார் பருவமழை மேகங்களைக் குறித்து எவ்வளவு விசனப்படுகின்றனரோ, அவ்வளவு விசனம் அதே மலையில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு துணி உலர்த்தும் தாய்க்கும் உண்டு. வானநூலாருடைய விசனம் ஏடுகளில் ஏறுகிறது என்பதே வேறுபாடு.

தமிழ்நாட்டுக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றில், சிசுவைப் புதுத்துணியில் ஏந்தாமல், பெரியவர்கள் உடுத்துப் பழகிய வேட்டியிலோ புடவையிலோ ஏந்துவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பலவாயினும், பௌதிக நோக்கிற் பார்த்தாலும் இவ்வழக்கம் நன்கு பொருந்துவதே. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. நெசவின்போது பாவுக்கு ஏற்றிய கஞ்சியும் அதனோடு சேர்ந்துகொள்ளும். வெளுக்காத கோராத் துணியின் மீது ஒரு துளி நீரை விட்டால், அத்துளி உருண்டு நிற்பதேயன்றி எளிதில் உள்ளே இறங்காது. பன்முறை துவைத்த பிறகே மெழுகும் கஞ்சியும் கழிந்து, இழைகள் தளர்ந்து, துணி ஈரத்தை விரைவாக இழுக்கும் பக்குவத்தை அடைகின்றது. அந்தப் பக்குவத்தைத் தாத்தாவின் வேட்டி பல ஆண்டுகளில் தானாகவே பெற்றிருக்கும். புதிதாக வாங்கிய மல் துணியையோ ஈரிழைத் துண்டையோ சுடுநீரில் ஐந்தாறு முறை துவைத்து உலர்த்தித்தான் அந்நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் இக்காலத்தில் இவ்வழக்கத்தை அப்படியே பின்பற்றுவதில் ஓர் இடையூறு உண்டு. வீட்டுப் பெட்டியிலுள்ள பழம்புடவைகளிற் பெரும்பாலானவை இன்று நூற்புடவைகள் அல்ல. பாலியெஸ்டர் முதலிய செயற்கை இழையால் ஆனவை, அல்லது அவ்விழை கலந்தவை. அவை தொடுவதற்குப் பட்டுப்போல் வழுவழுப்பாக இருப்பினும், நீரைத் தம்முள் ஏற்காமல் குழந்தையின் தோலின்மீதே தேக்கிவைக்கும். ஐயம் எழுந்தால், ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீயிற் காட்டுக: பருத்தியாயின் காகிதம் போல் எரிந்து நொறுங்கும் சாம்பலாகும்; செயற்கை இழையாயின் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக இறுகும். கலப்புத் துணி இரண்டு குணத்தையும் காட்டும். சரிகைக் கரையையும் கெட்டியான பூவேலையையும், எவ்வளவு நல்ல நூற்புடவையாயினும், வெட்டி நீக்கிவிடுவது அவசியம்.

எட்டு முழ வேட்டி ஒன்றிலிருந்து, ஒரு பக்கம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உள்ள சதுரங்கள் பன்னிரண்டு கிடைக்கும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்து முதல் பன்னிரண்டு துணிகள் வரை செலவாகும் என்று கொண்டால், வெயிற்காலத்தில் இரண்டு வேட்டிகளும், துணி உலர இரண்டு மூன்று நாள் எடுக்கும் அடைமழைக் காலத்தில் மூன்று நான்கு வேட்டிகளும் தேவைப்படும். வெட்டிய ஓரங்களை மடித்துத் தைக்காமல் விடலாகாது. பிரிந்த நூலிழை குழந்தையின் கால் விரலிலோ ஆண்குறியிலோ சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடுவதுண்டு. காரணம் தெரியாமல் ஓயாது அழும் சிசுவின் விரல்களை ஒருமுறை பிரித்துப் பார்க்கும்படி குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனாலேயே.

அணையாடையின் வடிவங்களுள் மிகப் பழையதும் மிக எளியதும் ஒற்றை மடிப்பான இச்சதுரத் துணியே. இதனை முக்கோணமாக மடித்து இடுப்பிற் கட்டலாம். நீளவாட்டில் மடித்துக் கோவணம்போல் அரைஞாணிற் செருகலாம். ஆண் குழந்தைக்கு முன்புறத்தில் மடிப்புக் கனமாகவும், பெண் குழந்தைக்கு நடுவிலும் பின்புறத்திலும் கனமாகவும் இருக்கும்படி அமைக்கலாம். முக்கோணமாக வெட்டி நாடா வைத்துத் தைத்த நாப்கின்கள் சந்தையிலும் துணிக்கடையிலும் கிடைக்கின்றன. கட்டுவது சுலபம், ஆயின் குழந்தை வளர வளர அவை போதாமற் போகும். பல மடிப்புகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தவையும், நீர் கசியாத மேலுறையும் பொத்தான்களும் உட்பையும் கொண்ட நவீன துணி டயபர்களும் நகரங்களிற் பரவியுள்ளன. இவை ஈரத்தை நெடுநேரம் அடக்கிவைக்கும் என்பது மெய்யே. ஆனால் உள்ளே செருகும் கனத்த பட்டையின் நடுப்பகுதி மூடுபனியில் நாள்முழுதும் உலராமல் கிடக்கும் என்பதும், அதனை முற்றும் அலசுவதற்குச் சதுரத் துணியைக் காட்டிலும் மிகுந்த நீர் வேண்டும் என்பதும் அவ்வளவே மெய். சமவெளியில் குழாய் நீரும் மாடியில் வெயிலும் உள்ளவர்க்கு ஏற்ற பொருள் மலைமேல் உள்ளவர்க்கும் ஏற்றதாகும் என்று நினைப்பதற்கில்லை. விலையும் ஒரு பொருட்டே. அவ்வகை டயபர் ஒன்றின் விலைக்குச் சதுரத் துணிகள் பலவற்றை வாங்கிவிடலாம். இரவில் தூளியில் கிடத்தும்போதோ, மலைப்பாதைப் பேருந்தில் நெடுந்தூரம் செல்லும்போதோ பயன்படுத்த ஒன்றிரண்டு வைத்துக்கொள்வது சௌகரியம். அதற்குமேல் அவசியமில்லை என்பது இக்கட்டுரையாசிரியரின் அபிப்பிராயம்.

அமெரிக்கராகிய வால்டர் ஹன்ட் 1849-இல் காப்புரிமை பெற்ற ஊக்கு, மேல்நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அணையாடையைப் பிணித்துவந்தது. நம் வழக்கிலுள்ள முடிச்சும் செருகலும் அதனினும் பத்திரமானவை. எதனாற் கட்டினும் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்ச்சி இருத்தல் வேண்டும். கால்கள் நீட்டி இறுகாமல் தவளைக் கால்போல் மடங்கி அகன்றிருத்தல் வேண்டும். இறுகச் சுற்றி நேராக்கினால் இடுப்பு மூட்டு சரியாக அமையாமற் போகக்கூடும். கொப்பூழ்க்கொடி காய்ந்து விழும் வரையில், அதாவது ஏறக்குறைய முதல் இரண்டு வாரங்கள், துணியின் மேல்விளிம்பைக் கொப்பூழுக்குக் கீழே மடித்துவிட்டு அவ்விடத்தைக் காற்றாட விடுவது முறை.

அரசு மருத்துவமனைகளிற் பிறக்கும் குழந்தைகளுக்குத் தமிழக அரசு 2015-இல் வழங்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில், துண்டு, உடுப்பு, கொசுவலையோடு கூடிய மெத்தை முதலியவற்றோடு நாப்கினும் இடம்பெற்றது. மலையிலிருந்து இறங்கிப் பிரசவத்திற்குச் செல்லும் பெண் இதனை மட்டும் நம்பாமல், துவைத்து வெயிலில் உலர்த்திய பத்துப் பன்னிரண்டு துணிகளைத் தூய பையிற் கட்டிக்கொண்டு போவதே விவேகம்.

அணையாடையின் உபயோகம் ஈரத்தை ஏற்பதோடு முடிவதில்லை; தாய்க்கு அது ஒரு வைத்தியக் குறிப்பேடும் ஆகும். முதல் நாளில் அதிற் காணப்படுவது காட்டுப்பீ எனப்படும், கரும்பச்சை நிறமான, தார்போல் ஒட்டும் மலம். இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் அது வெளிப்படாவிடின் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தாய்ப்பால் சுரந்து பெருகப் பெருக, நாலைந்து நாட்களில் மலம் மஞ்சள் நிறமாகவும் இளகியதாகவும் மாறும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு துணியேனும் நன்றாக நனைந்தால், குழந்தைக்குப் பால் போதுகிறது என்று கொள்ளலாம். ‘பால் போதவில்லை’ என்று சுற்றத்தார் எழுப்பும் கவலைக்கு இதனினும் நல்ல விடை கிடையாது. ஈரத்தை மறைத்துவிடும் காகித டயபரில் இந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாகப் புலப்படுவதில்லை. முதற்சில நாட்களில் துணியிற் செங்கற்பொடிபோல் தோன்றும் கறை இரத்தமன்று, சிறுநீரிலுள்ள யூரேட் உப்பே. அது ஐந்தாம் நாளுக்குப் பின்னும் தொடர்ந்தால் பால் குறைவு என்று ஐயுற வேண்டும். பெண் சிசுவிற்கு முதல் வாரத்திற் சிறிது இரத்தக்கசிவு காண்பதும் தாயின் சுரப்பிநீர்களின் விளைவே, அஞ்சுவதற்கில்லை. ஆனால் மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தும், சிறுநீர் துணியில் அடர்ந்த மஞ்சட்கறை படியும்படியும் இருந்தால், அது பித்தநாளம் அடைபட்டதன் அறிகுறியாக இருக்கக்கூடும். அக்குழந்தையை ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

அரையிற் காணும் சிவப்பும் புண்ணும் துணியாலேயே உண்டாகின்றன என்னும் எண்ணம் சரியன்று. 1921-இல் குக் என்னும் அமெரிக்க மருத்துவர், சிறுநீரிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டு, அதுவே காரணம் என்று கூறினார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளால், நெடுநேரம் ஈரத்தில் ஊறிய தோல் உராய்வினால் நைந்துபோவதும், சிறுநீரினாற் காரத்தன்மை கூடியபோது மலத்திலுள்ள செரிமான நொதிகள் வீரியம் பெற்றுத் தோலை அரிப்பதும் முதற்காரணங்கள் என்று தெளிவாயிற்று. ஆகவே எத்துணியாயினும் நனைந்தவுடன் மாற்றுவதும், நாளில் சிறிது நேரம் குழந்தையைத் துணியின்றி விடுவதுமே சிகிச்சையிற் பாதி. தொடை மடிப்புகளுக்குள்ளும் பரவிச் சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகளோடு தோன்றுவது காளான் தொற்று. அதற்கு மருந்து வேண்டும். முகப்பூச்சுப் பவுடரைத் தூவுவது எதற்கும் உதவாது. அத்தூள் குழந்தையின் மூச்சுக்குழலுட் புகுவது அபாயம். மலைக்குளிரில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு: நனைந்த துணி உடற்சூட்டை விரைவில் இழுத்துவிடுமாதலால், எடை குறைந்து பிறந்த சிசுவிற்கு இரவிலும் துணி மாற்றுவதைத் தள்ளிப்போடலாகாது.

துவைக்கும் முறை வருமாறு: மலத்தை முதலிற் கழிப்பறையில் வழித்துத் தள்ளிவிட வேண்டும். சிசுவின் மலம் தோஷமற்றது என்ற நம்பிக்கை எங்கும் உண்டு, அது தவறு. குடிநீர் எடுக்கும் சுனையிலோ ஓடையிலோ இத்துணியை அலசுவது ஊரையே வயிற்றுப்போக்கிற்கு உள்ளாக்கும். கறை இறுகாதிருக்க முதலிற் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு சவுக்காரமிட்டுத் துவைத்து, நீரில் வழுவழுப்பு அற்றுப்போகும் வரையில் அலச வேண்டும். தங்கிய சவுக்காரமே பல குழந்தைகளின் தோற்சிவப்பிற்குக் காரணம். பூந்திக்கொட்டை நுரையும் இதற்கு ஏற்றதே. வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் திரவங்கள் இழையின்மேல் படலமிட்டு, துணியின் உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கும். வயிற்றுப்போக்கோ காளான் தொற்றோ உள்ளபோது கொதிநீரில் இடுவது நலம். உலர்த்துவதற்குப் புதர்களின் மேல் விரிப்பதைவிடக் கொடியே சிறந்தது. முள்ளும் பூச்சியும் உண்ணியும் துணியோடு வீட்டிற்குள் வாரா. அடைமழையில் அடுப்படிச் சூட்டில் உலர்த்துவது தவிர்க்க இயலாததாயின், நெருப்புக்கு நேர்மேலே இல்லாமல் விலக்கிக் கொடி கட்டி உலர்த்தி, குழந்தைக்குக் கட்டுமுன் கரியிஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்துவிடலாம்.

ஒருமுறை கட்டி எறியும் டயபர், அமெரிக்காவில் மரியன் டோனோவன் 1946-இல் திரைச்சீலைத் துணியால் நீர்ப்புகா மேலுறை தைத்ததை ஒட்டிப் பிறந்த கருத்துகளிலிருந்து வளர்ந்து, 1961-இல் பாம்பர்ஸ் என்னும் பெயரில் பெருவணிகமாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது. மரக்கூழும், நீரைப் பசையாக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட்டும், பிளாஸ்டிக் உறையும் சேர்ந்த இப்பொருளைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016, தனியே சுற்றி ஒப்படைக்க வேண்டிய கழிவாக வகுத்தன. ஒப்படைப்பதற்குக் குப்பை வண்டி வராத மலைச்சிற்றூரில் அது ஓடையிலோ தீயிலோதான் போய்ச் சேரும். துணியே சுற்றுச்சூழலுக்கு எப்போதும் உகந்தது என்று முடிவு கட்டுவதற்கும் இல்லை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, இயந்திரத்தில் உலர்த்துவதைத் தவிர்த்துக் கொடியில் உலர்த்தினாலும், அடுத்த குழந்தைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினாலுமே துணிக்குத் தெளிவான அனுகூலம் உண்டு என்று காட்டிற்று. இவ்விரண்டும் நம் வீடுகளில் எவரும் சொல்லாமலே நடப்பவை.

அடுத்த குழந்தைக்கென்று எடுத்துவைக்கும் துணியில் அந்துருண்டை போடுதல் கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைவாகப் பிறந்த சிசுக்களில், அவ்வுருண்டையிலுள்ள நாப்தலீனின் ஆவி மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் புகுந்து, இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான காமாலையை விளைக்கும். இக்குறை பரம்பரையாக வருவது, வெளித்தோற்றத்தில் அறியப்படாதது. பழந்துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வழங்கும் நம் வழக்கத்தில் இந்த அபாயம் மறைந்து நிற்கின்றது. நன்கு உலர்ந்த துணியோடு வேப்பிலையையோ நொச்சி இலையையோ இட்டு மூடிவைத்தலே போதும். முன்பே அந்துருண்டை இட்டு வைத்த துணியைப் பிறந்த சிசுவிற்குப் பயன்படுத்தாமல் விலக்குக; அறியாமல் பயன்படுத்தியபின் குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சள் நிறம் காட்டினால், மருத்துவரிடம் கொண்டுசெல்லும்போதே அத்துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.